செத்தவீட்டுப் படத்தில் என் தம்பி

டென்மார்க்கில், ஹேர்னிங் பட்டணத்தில் நாங்கள் பின்னேர வகுப்புக்குப் போனது டேனிஷ் படிக்க. ஓவியம் படிக்கவென்று ஒருவரும் போகவில்லை. ஆனால் எங்களுக்கு வாய்த்த ரீச்சர் முன்பு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். பகல் முழுக்கப் பின்னல் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வருகிறவர்கள் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கிவிடுகிறார்கள் என்பது அவருக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அதனால் ஸ்லைட் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். விளக்கை அணைத்து, சுவரில் ஒரு படத்தைப் போட்டு, என்ன தெரிகிறது என்று கேட்பார். தெரிவதை மட்டும் சொல்லவேண்டும். நினைப்பதைச் சொல்லக்கூடாது. அதுதான் அவர் வகுப்பின் சட்டம்.

வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் பெண்சாதி பிள்ளைகளை இலங்கையில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். நானும் என் கணவரும் ஒன்றாக வந்து சேர்ந்தவர்கள். அது எங்கள் அதிர்ஷ்டம், அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. என் தம்பி எங்கள் வீட்டிலேயே ஒரு அறையில் இருந்தான். அவனுடைய மனைவியும் சின்ன மகளும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரைதான் அவனுக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவனுக்கு வாய் என்ற ஒன்று இருக்கிறதா என்று ரீச்சரே சந்தேகப்பட்டார்.

ஒருநாள் ரீச்சர் படங்களை வரிசையாகப் போட்டார். முதலில் அரசர்கள், குதிரைகள், சிறகு விரித்து மேகத்துக்குள் பறக்கிற சம்மனசுகள். காலங்காலமாக ஐரோப்பாவில் இப்படித்தான் வரைந்தார்கள் என்றார். பிறகு பிரான்சில் சில ஓவியர்களுக்கு அது அலுத்துப்போனதாம். கண்ணால் கண்டதைத்தான் வரைவோம் என்று நின்றார்களாம். அடுத்தடுத்து வந்த படங்களில் தெருவோரம் கல் உடைக்கிற மனிதர்கள், கிழங்கு கிண்டுகிற பெண்கள், துணி துவைத்துக் கை வெந்துபோனவர்கள். அந்தப் பழக்கம் டென்மார்க்குக்கும் வந்தது என்று இன்னும் சில படங்கள் காட்டினார். வடக்குக் கடற்கரையில் வள்ளம் இழுக்கிற மீன்பிடிகாரர். இரும்பு உருக்குகிற ஆலையில் வேர்த்துக்கொட்ட நிற்கிற தொழிலாளிகள். இதையெல்லாம் பார்த்து அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்ததாம். ஊத்தைக் கால்களைக் கொண்டுவந்து மாளிகைச் சுவரில் மாட்டுவதா என்று.

கிரின்ஸ்டெட்டிலிருந்து பழைய கார் ஒன்றில் வகுப்புக்கு வருகிற ஒரு அண்ணை இருந்தார். கல் உடைக்கிறவனின் கிழிந்த சட்டையைப் பார்த்துவிட்டு, "உதுக்கு ஏன் காசு குடுத்துப் பெயின்ற் வாங்கினவன்? எங்கட அறைக்கு வந்திருந்தா சும்மாவே பாத்திருக்கலாமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சர் விடவில்லை, அதை டேனிஷில் சொல்லச் சொன்னார். நான்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ரீச்சரும் சிரித்துவிட்டு, அந்தக் காலத்துப் பணக்காரரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள் என்றார்.

உண்மையைச் சொன்னால் நானும் அந்தப் பணக்காரர் கட்சிதான். படம் என்றால் குளித்து, தலை இழுத்து, நல்லதை உடுத்திக்கொண்டு நிற்கவேண்டும். மன்னாரில் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு சிவப்புக் கழுத்து ரையும் ஆணியில் தொங்கும். ஊரில் கலியாணம் பேசிய இளந்தாரிகள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டுக்குள்தான் நிற்பார்கள். அது பொய் என்று ஒரு பெண் வீட்டாரும் சொன்னதில்லை. படத்தில் நிற்கிறவன் இப்படி இருக்க ஆசைப்படுகிறான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக ரீச்சர் ஒரு பெரிய படம் போட்டார். ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் செத்தவீடு. குழியைச் சுற்றிக் கறுப்பு உடுப்பில் ஊர்ச்சனம், சுவாமியார், சிலுவை, அழுகிற பெண்கள். என்ன தெரிகிறது என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்கு எல்லாரும் மேசையைப் பார்ப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். செத்தவீட்டுப் படம்! செத்தவரின் மகன் எங்கே? பெண்சாதி ஆர்? பெட்டியைத் திறந்து சரித்துப் பிடிக்காமல் என்ன படம் எடுத்தார்கள்? ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லையே!

எங்கள் வழக்கத்தை ரீச்சருக்கு விளக்கவேண்டியதாகிவிட்டது. எங்கள் கத்தோலிக்கருக்குள் ஒருவர் செத்தால், மாதா கோயிலுக்குக் கொண்டுபோக முன்னம் முற்றத்தில் பெட்டியைத் தலைமாட்டுப் பக்கம் உயர்த்திப் பிடிப்பார்கள். செத்தவரின் முகம் தெரியவேண்டும். சுற்றிவரக் குடும்பம் முழுக்க நிற்கும். அழுகிறவர்களும் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டு நேரே பார்ப்பார்கள். அந்தப் படத்தில் இல்லாதவர் அந்தக் குடும்பத்தில் இல்லாதவர். ஆர் நின்றது, ஆர் நிற்கவில்லை என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கதைப்பார்கள். மகன் நிற்காத படம் என்றால் அந்த வீட்டில் ஏதோ பகை என்று ஊர் முடிவு கட்டிவிடும். ரீச்சர் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். டேன்காரர் பெட்டியை மூடிவிட்டுப் பூவைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். செத்தவர் முகத்தோடு படமா என்று அவருக்கு உடம்பு கூசியிருக்கும். ஆனால் முகத்தில் காட்டவில்லை.

தம்பி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே கதை, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்பதுதான். கோயிலில் பூசை முடிந்து வெளியில் வந்தாலும் அதுதான், தொழிற்சாலையில் பாண் சாப்பிடும்போதும் அதுதான். ஒருவருக்கும் இல்லை என்று பதில் வரவில்லை. இல்லை என்று வந்தால் அழுதுவிட்டு வேறு வழி பார்க்கலாம். பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வரிதான் எல்லாருக்கும் வந்தது. கோப்பன்ஹேகன் பக்கம் ஹ்விடோவ்ரேயில் இருக்கிறவருக்கும் அந்த வரிதான், ஹேர்னிங்கில் இருக்கிறவருக்கும் அந்த வரிதான். ஈரான்காரர் மனைவி வருகிறார், வேறு நாட்டுக்காரர் பிள்ளைகள் வருகிறார்கள், எங்கள் ஆட்கள் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் ஏதோ பிழையாக நிரப்பிவிட்டோம் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம். மேலே ஒரு அமைச்சர், தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமல் அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த நாட்டில் வீதியில் ஒரு கார் இல்லாதபோதும் சிவப்பு விளக்குக்கு நின்று போகிறார்கள். இவர்கள் சட்டத்தை மீறுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தம்பி மகளுக்கென்று ஒரு பனிச் சப்பாத்து வாங்கி வைத்தான். அடுத்த குளிருக்கு அது அவளுக்குச் சிறுத்துவிடும் என்று நான் சொல்ல, கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த அளவு வாங்கி வந்தான். மனைவிக்கு அனுப்பவென்று ஒரு படமும் எடுத்தான். எங்கள் வரவேற்பறை யன்னலோரம் ஒரு கதிரைக்குப் பின்னால் நின்று, கதிரை முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என் கணவரின் தடித்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். என் கணவர்தான் எடுத்தார். நல்ல படம். அவன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கப்போகிறவன் மாதிரி இருந்தான்.

அந்த மனைவி மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனாள். குண்டில்லை, ஷெல்லில்லை. மன்னாரில் ஆருக்கும் வருகிற காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாறிவிடுகிற காய்ச்சல். ஊரடங்கு போட்டிருந்தார்கள், வீதியில் ஒருவரும் இறங்கமுடியாது. ஊரடங்கு எடுத்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. செய்தி எங்களுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் பண்ணிச் சொன்னபோது அவளை அடக்கம் பண்ணிச் சில நாள் கழிந்துவிட்டது.

அவள் இங்கே இருந்திருந்தால் ஒரு டாக்டர் பத்து நிமிஷத்தில் மருந்து எழுதிக் கொடுத்திருப்பார். அவள் இங்கே வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கடதாசியை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தம்பி அடுத்த நாள் வேலைக்குப் போனான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தொழிற்சாலையில் அவனோடு நிற்கிற டேன்காரர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு ஒரு பூங்கொத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அதை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கல்லறை இல்லாத பூ. குசினியில் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் வைத்தேன்.

கொஞ்ச நாளில் ஊரிலிருந்து செத்தவீட்டுப் படம் வந்தது. தம்பியின் மாமியார் அனுப்பியிருந்தார். மூவரும் குசினி மேசையில் வைத்துப் பார்த்தோம். உயர்த்திப் பிடித்த பெட்டிக்குள் அவள், கலியாணச் சேலையோடு. மூக்கில் பஞ்சு. இரண்டு பக்கமும் அவள் தாய், தகப்பன், சகோதரங்கள். பெட்டிக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு சின்ன மகள். மகளுக்குப் பின்னால் தம்பி நின்றான்.

ஆம், தம்பிதான். என் கணவரின் கம்பளிக் கோட்டோடு. ஸ்டூடியோக்காரர் யன்னலோரப் படத்தில் இருந்து அவனை வெட்டி எடுத்து, இந்தப் படத்தில் ஒட்டி, திரும்பவும் படம் எடுத்திருந்தார். நல்ல கைவேலை. கதிரையை வெட்டி எறிந்துவிட்டு, கதிரை முதுகில் இருந்த கை மகளின் தலையில் வருகிற மாதிரி வைத்திருந்தார். வெளிநாடு போனவர்கள் கூடக்கூட, எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் இது ஒரு வேலையாகிவிட்டது. தாய் செத்தால் கனடா மகனை ஒட்டுவார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பார்க்கிற எல்லாருக்கும் அது ஒட்டினது என்று தெரியும். வரமுடியாமல் போனவனை விலக்கிவைக்கவில்லை என்று சொல்லுகிற மரியாதை அது. மாமியார் தன் மகளைப் பறிகொடுத்த நேரத்திலும் மருமகனுக்கு அந்த மரியாதையைச் செய்திருந்தார். நான் அழுதேன். நன்றியில்தான் அழுதேன்.

தம்பி படத்தைக் கவிழ்த்து வைத்தான். "அக்கா, நான் அங்கை நிக்கேல்லை" என்றான்.

"அது எல்லாருக்கும் தெரியும்தானே. உனக்கு ஒரு இடம் வைச்சிருக்கினம், அவ்வளவுதான்."

"என்ர பெண்சாதியை அடக்கம் பண்ணேக்குள்ள நான் இஞ்சை நூல் சுத்திக்கொண்டு நிண்டனான். அப்பிடி இருந்தா அப்பிடித்தான் இருக்கவேணும். நிக்காத இடத்தில என்னை ஏன் நிப்பாட்டினவை?"

அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடுத்த வகுப்புக்கு அந்தப் படத்தைக் கொண்டுபோனான். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் ரீச்சரிடம் நீட்டினான். ரீச்சருக்கு விஷயம் தெரியும். என்ன தெரிகிறது என்று அவர் கேட்க முன்னமே தம்பி டேனிஷில் பதில் சொன்னான். என் மனைவி தெரிகிறாள், என் மகள் தெரிகிறாள், ஒரு கோட்டுத் தெரிகிறது என்றான்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். மற்ற எல்லார் மேலும் வெளிச்சம் தலைக்கு நேரே மேலிருந்து விழுகிறது, உங்கள் மேல் மட்டும் ஒரு பக்கமாக, ஒரு யன்னலில் இருந்து வருகிறது என்றார். அது எங்கள் யன்னல் என்றேன். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றைக்குக் காட்டிய அந்தச் செத்தவீட்டு ஓவியத்தைக்கூட ஓவியர் இடுகாட்டில் நின்று வரையவில்லையாம். ஊர்ச்சனத்தை ஒவ்வொருவராகத் தன் பட்டறைக்குக் கூப்பிட்டு நிறுத்தித்தான் வரைந்தாராம். கண்டதைத்தான் வரைவேன் என்றவர்களும் இடம் பார்த்துத்தான் ஆளை வைத்தார்கள் என்றார். தம்பியைத் தேற்றத்தான் சொல்லியிருப்பார். அவர்கள் அந்த ஊரில் இருந்தவர்கள், நான் இருக்கவில்லை என்றான் தம்பி. ரீச்சர் படத்தைத் திருப்பி அவன் கையில் கொடுத்தார்.

இனி மகளைக் கூப்பிடவேண்டும். தம்பிக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மகளுக்கென்று புதிதாக விண்ணப்பம் போட்டான். இந்தக் காலத்தில்தான் எங்கோ முறைப்பாடு போய், விசாரணை என்று வந்து, கிடப்பில் கிடந்த கட்டுகள் அசையத் தொடங்கின. ஒவ்வொரு கிழமையும் ஆராவது ஒருவரின் மனைவி வந்து இறங்கினார். கிரின்ஸ்டெட் அண்ணை பெண்சாதியை விமான நிலையத்தில் அடையாளம் காணாமல் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். தம்பியும் சிரித்தான். அடுத்தது அவன்தான் என்று எல்லாரும் சொன்னோம்.

அவனைப் பொலிசுக்கு வரச்சொன்னார்கள். வெளிநாட்டவர் விஷயங்களை அவர்கள்தான் விசாரிப்பார்கள். நானும் போனேன், துணைக்கு ரீச்சரும் வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். கோப்பி தந்தார். மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார். அதிகாரி ஒரு கட்டைத் திறந்து அந்தச் செத்தவீட்டுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

தம்பி அதைக் கொடுக்கவில்லை. மாமியார்தான், கொழும்பில் பேத்தியின் பத்திரங்களைக் கொடுக்கப் போனபோது, மரணச் சான்றிதழோடு சேர்த்து அதையும் கொடுத்திருக்கிறார். அவரிடம் இருந்த மிகப் பெரிய அத்தாட்சி அதுதானே. இவள் செத்துப்போனாள், இது அவளின் பிள்ளை, இவன் அந்தப் பிள்ளையின் தகப்பன். மூன்றையும் ஒரே படத்தில் வேறெதில் காட்டுவது? எங்கள் ஊரில் கிராமப் பதிவுகளைப் பார்க்கிற எந்த விதானையாரும் அதைப் பார்த்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டிருப்பார்.

அதிகாரி அமைதியாகக் கேட்டார். நீங்கள் இலங்கைக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அகதியாக இருக்கிறீர்கள். மனைவியின் அடக்கத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள். எப்படிப் போனீர்கள்?

தம்பி தான் போகவில்லை என்றான். அதிகாரி படத்தில் அவன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். ஒட்டினது என்று தம்பி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அப்படியே டேனிஷில் சொன்னார். ஏன் ஒட்டவேண்டும் என்று அதிகாரி கேட்டார். தம்பியும் வீட்டில் அதைத்தான் கேட்டிருந்தான். அந்த மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தார். அவர் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்திருக்கும். ஆனால் சொல்வதை மட்டும்தான் சொல்லலாம், தன் பாட்டுக்கு விளக்கம் கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் வேலையின் விதி. அவர் மேசையைப் பார்த்தார்.

என்னால் பொறுக்கமுடியவில்லை. என் டேனிஷில் இலக்கணம் எல்லாம் பறக்க, மன்னார் வெயிலில் ஆராவது கம்பளிக் கோட்டுப் போடுவானா, பக்கத்தில் நிற்கிறவர்கள் வேர்த்து நனைந்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன். ரீச்சர் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார். மேலிருந்து விழுகிற வெயில், பக்கத்திலிருந்து வருகிற யன்னல் வெளிச்சம், தோளின் ஓரத்தில் கத்தரிக்கோல் போன கோடு. அந்த வாரங்களில் தம்பி தன் வகுப்பில் இருந்தான் என்றும் சொன்னார். அதிகாரி கவனமாகக் கேட்டார். பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"ஆம், நீங்கள் சொல்வது சரி. இது ஒட்டிய படம்தான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் தொடர்ந்தார். "அப்படியென்றால் இது போலி. போலிப் படம் கொடுத்தவர்களின் மற்றப் பத்திரங்களை நான் எப்படி நம்புவது? இந்தப் பிள்ளை இவருடையது என்பதற்கு என்ன ஆதாரம்?"

நின்றிருந்தால் அகதியில்லை. நிற்காவிட்டால் தகப்பனில்லை. வெளியில் வந்து படியில் இருந்தபோது தம்பி இதைத்தான் சொன்னான். நான் ரீச்சர் மேல் பாய்ந்தேன். உங்கட ஆட்களுக்குப் படம் என்றால் ஒன்றில் உண்மை, இல்லாவிட்டால் களவு, வேறொன்றும் தெரியாதா என்று கேட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும். அவரும் அழுதுகொண்டுதான் நின்றார்.

மறுத்துப் பதில் வந்தது. இந்த முறை தெளிவாக, காரணத்தோடு. ரீச்சர் ஒரு வக்கீலைப் பிடித்துத் தந்தார். வக்கீல் எழுதினார், அவர்கள் பதில் எழுதினார்கள், அப்படியே வருஷங்கள் போயின. இதற்கிடையில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிச் சனம் மடு மாதா கோயிலுக்கு ஓடியது. தம்பியின் மாமியார் சட்டி பானையை விட்டுவிட்டு, பேத்தியையும் கண்ணாடி போட்ட அந்தச் செத்தவீட்டுப் படத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினாராம். கோயிலைச் சுற்றியிருந்த அகதி முகாமில் கூடாரத் தடியில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். சப்பாத்தை மாற்றி மாற்றி வாங்குவதைத் தம்பி நிறுத்திவிட்டான். மகளின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்த நாட்களில் டென்மார்க் முழுக்க எங்கள் பெயர்தான். ரேடியோவைத் திருகினால் தமிழர், பேப்பரை விரித்தால் தமிழர். தொழிற்சாலைக் கன்ரீனில் அதுவரை என் முகத்தைப் பார்க்காதவர்கள்கூட, நீங்கள் அந்தத் தமிழரா என்று கேட்டார்கள். அமைச்சர் என்ன சொன்னார், எப்போது சொன்னார், ஆருக்குச் சொன்னார் என்று ஒவ்வொரு சொல்லாக விசாரித்தார்கள். சட்டம், பாராளுமன்றம், மானம் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதினார்கள். மலேரியாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஒரு பத்திரிகைக்காரர் படப்பிடிப்பாளரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்கள் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி எடுக்கவேண்டும் என்றார் படப்பிடிப்பாளர். நான் சேலை மாற்றப் போனேன், வேண்டாம் என்றார். மேசையில் இருந்த பிளாஸ்ரிக் பூவை எடுத்து மறைத்து வைத்தார். திரையை அரைவாசிக்கு இழுத்தார். தம்பியைக் கட்டிலில் இருத்தி, மனைவியின் படத்தைக் கையில் கொடுத்து, தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னார். தம்பி குனிந்தான். சிரிக்கவேண்டாம் என்று வேறு சொன்னார். அவன் சிரித்து எவ்வளவு காலம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. எங்கள் ஸ்டூடியோக்காரர் கத்தரிக்கோலால் செய்ததை இவர் கையால் செய்தார், வேறென்ன? இவர் எடுத்தது பேப்பரில் வந்தது, அது உண்மைப் படம்.

ஒரு மாரிகாலத்தில் அரசாங்கம் கவிழ்ந்தது. எங்களால்தான் கவிழ்ந்தது என்று சிலர் கோபமாகவும் சிலர் பெருமையாகவும் சொன்னார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. அதன் பிறகு வக்கீல் திரும்ப எழுதினார். இந்த முறை ஆரோ ஒருவர் கட்டைத் திறந்து, முதல் விண்ணப்பத்தில் மனைவியோடு சேர்த்து மகளின் பெயரும் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறார். முதல் நாளே பார்த்திருக்கலாம். அனுமதி வந்தது.

அவளைக் கூட்டிவரக் கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் போனோம். பாவாடைப் பருவத்தில் விட்டுவந்த பிள்ளை, என் தோளுயரத்துக்கு வந்து நின்றாள். தம்பியைக் கண்டதும் தயங்காமல் நேரே அவனிடம் போனாள். முகம் தெரியுமா என்று நாங்கள் பயந்தது வீண். தினமும் படத்தில் பார்த்த முகம். தம்பிக்குத்தான் அவளை எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் காரைக் கப்பலில் ஏற்றிவிட்டு மேலே சாப்பாட்டுச்சாலையில் இருந்தோம். அவளுக்குப் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தான். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். வெளியில் கடலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்பா, அண்டைக்கு வந்தனீங்கள்தானே. ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

"எண்டைக்குப் பிள்ளை?"

"அம்மாவின்ர செத்தவீட்டண்டு."

நான் வாயைத் திறந்தேன். தம்பி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நான் அண்டைக்கு வரேல்லைப் பிள்ளை. அது ஸ்டூடியோவில ஒட்டின படம். நான் இஞ்சைதான் நிண்டனான். அம்மா செத்ததே எனக்குப் பிந்தித்தான் தெரியும்."

அவள் கோபப்படவில்லை. பெரியவர்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகள் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு அப்பா. என்ர தலையில கை வைச்சனீங்கள். உங்கட கோட்டு என்ர கழுத்தில முட்டிக் கடிச்சது. நான் அழாமல் நிண்டனான், நீங்கள் கூட்டிக்கொண்டு போவியள் எண்டு."

தம்பி என்னைப் பார்த்தான். பொலிசிடமும் ரீச்சரிடமும் என்னிடமும், நான் அங்கே நிற்கவில்லை என்று ஒரே சொல்லில் நின்றவன் அவன். அந்தச் சொல்லால் மகளையே இழக்க இருந்தவன். மேசைக்கு மேலால் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"ஓம் பிள்ளை, வந்தனான்" என்றான். "உன்னைக் கூட்டிக்கொண்டு வர விடேல்லை."

"ஆர் விடேல்லை?"

அந்த அமைச்சரின் பெயர் அவனுக்குத் தெரியும். டென்மார்க்கில் எல்லாருக்கும் தெரியும். சுற்றிவர மேசைகளில் சனம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடு பிள்ளை, ஆறப்போகுது" என்றான்.